"இது எதைக் குறிக்கிறது?": அசெம்ப்ளேஜ் படைப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்காட்சிகளில் பார்வையாளர்களை அழைத்துக்கொண்டு போய்ப் படைப்புகளைக் காட்டுவது என் வேலைகளில் ஒன்று. ஓவியத்தின் முன்னால் மரியாதையாக மௌனம் காக்கிறவர்கள்கூட, பழைய மரப்பெட்டியும் பொம்மைக் கையும் துருப்பிடித்த பூட்டும் சேர்ந்து ஒரு படைப்பாக நிற்கும் இடத்துக்கு வந்ததும் வாயைத் திறந்துவிடுவார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

அசெம்ப்ளேஜ்னா என்ன? கொலாஜும் இதுவும் ஒண்ணுதானே?

நெருங்கிய சொந்தம். கொலாஜில் காகிதம், துணி, புகைப்படம் போன்ற தட்டையான பொருள்களை ஒரு பரப்பில் ஒட்டுவார்கள். அசெம்ப்ளேஜில் பொருள்கள் தங்கள் பருமனோடு வந்து உட்காரும். நாற்காலிக் கால், கடிகாரம், டயர், எது வேண்டுமானாலும் வரலாம். ஒட்டலாம், ஆணி அடிக்கலாம், கம்பியால் கட்டலாம், வெல்டிங் வைக்கலாம், சும்மா அடுக்கியும் வைக்கலாம். எல்லைக்கோடு அத்தனை கறாரானதல்ல. பிக்காசோ 1912இல் ஒரு நீள்வட்டப் படத்தில் பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஒட்டி, சுற்றிலும் நிஜக் கயிற்றையே சட்டமாக வைத்தார். படம் கொலாஜ் கணக்கில்தான் சேரும். அந்தக் கயிறு மட்டும் எந்தக் கணக்கு என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

ஃபிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே 1953இல் பட்டாம்பூச்சி இறகுகளைக் கொண்டு செய்தவற்றுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். 1961இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 'அசெம்ப்ளேஜ் கலை' என்றே தலைப்பிட்டு ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. அதற்குப் பிறகு பெயர் நிலைத்துவிட்டது.

லேபிள்ல 'மிக்ஸட் மீடியா'ன்னு மட்டும் போட்டிருக்காங்க. அதை வச்சு என்ன புரிஞ்சுக்கிறது?

ஒன்றும் புரியாது. பல பொருள்கள் கலந்திருக்கின்றன என்று மட்டும் அது சொல்கிறது, அதைத்தான் கண்ணே சொல்லிவிடுகிறதே. நல்ல லேபிள் பட்டியல் போடும்: 'மரம், கண்ணாடி, மனித முடி, தேன்மெழுகு' என்று. அங்கே 'முடி' என்றிருப்பதற்கும் 'மனித முடி' என்றிருப்பதற்கும் இடையில் நமக்கு உடம்பு ஒருமுறை சிலிர்க்கும். பட்டியல் இல்லையென்றால் கூடத்தில் இருப்பவர்களிடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

எல்லாமே ஏற்கெனவே இருந்த சாமான். இதுல அவர் செஞ்சது என்ன?

தேர்ந்தெடுத்தார், எதற்குப் பக்கத்தில் எது என்று முடிவு செய்தார், எங்கே நிறுத்துவது என்று தெரிந்து நிறுத்தினார். சொல்வதற்கு எளிது. பிக்காசோ 1942இல் ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் எடுத்து, சீட்டை நிமிர்த்தி, அதன் மேலே ஹேண்டில்பாரை வைத்தார். காளையின் தலை வந்துவிட்டது. இரண்டே பொருள், ஒரே இணைப்பு. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் சைக்கிளிலேயே உறவு உண்டு. அந்த உறவைக் கலைத்து வேறு உறவைக் கொடுத்ததுதான் வேலை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காளை மட்டும் தெரிந்து சைக்கிள் மறைந்துவிட்டால் படைப்பு செத்துவிடும். இரண்டும் மாறி மாறித் தெரிய வேண்டும். பிக்காசோவே இதைப் பற்றி வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்: இதைத் தெருவில் எறிந்தால் என்றைக்காவது யாராவது எடுத்து, 'ஒரு நல்ல ஹேண்டில்பார் கிடைத்தது' என்று சைக்கிளில் மாட்டிக்கொள்ளலாம் என்று.

எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கணும்? தலையும் புரியல, காலும் புரியல.

'இது எதைக் குறிக்கிறது' என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். பெரும்பாலானவர்கள் அங்கே தொடங்கித்தான் சிக்கிக்கொள்கிறார்கள். முதலில், இருப்பதை இருப்பதாகச் சொல்லுங்கள், வாய்விட்டே. இது என்ன பொருள்? இங்கே வருவதற்கு முன்னால் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது? இங்கே அதற்கு என்ன செய்திருக்கிறார்கள்: வெட்டினார்களா, கவிழ்த்தார்களா, வண்ணம் பூசினார்களா, அப்படியே விட்டார்களா? பக்கத்தில் இருப்பது யார்? இதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி அர்த்தம் தானாக வந்து நிற்கும்.

ஒன்றைச் செய்து பார்ப்போம். ராவுல் ஹவுஸ்மான் 1920 வாக்கில் செய்த 'இயந்திரத் தலை'. கலையின் மரபுகளையே கேலி செய்த டாடா இயக்கத்தின் பெர்லின் கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். இருப்பது: விக் மாட்டி வைக்கும் மரத் தலை. அதாவது, அடுத்தவர் தலைமுடியைச் சுமப்பதற்காகவே பிறந்த தலை. உச்சியில் மடக்குக் குவளை. நெற்றியில் 22 என்ற எண், அளவு நாடாவின் ஒரு துண்டு. பக்கவாட்டில் அளவுகோல், கடிகாரத்தின் பாகம், டைப்ரைட்டரின் பாகம். பின்மண்டையில் முதலைத்தோல் பணப்பை. கண்கள் வெறும் மரம், பாவையே இல்லை.

இப்போது 'என்ன செய்திருக்கிறார்கள்' என்ற கேள்விக்கு வாருங்கள். எல்லாவற்றையும் வெளியே அறைந்திருக்கிறார்கள். உள்ளே ஒன்றும் போகவில்லை. அளக்கத் தெரிகிறது, எண்ணத் தெரிகிறது, பணம் பின்னால் பத்திரமாக இருக்கிறது, பார்க்க மட்டும் தெரியவில்லை. இதன் இன்னொரு பெயர் 'நம் காலத்தின் ஆன்மா'. அந்தப் பெயரைப் படிப்பதற்கு முன்னாலேயே நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

கடிகாரம்னா காலம், சாவின்னா ரகசியம், பறவைன்னா விடுதலை. இப்படி ஒரு பட்டியல் எங்காவது கிடைக்குமா?

கிடைக்கும். வாங்காதீர்கள். கடிகாரம் காலத்தைக் குறிக்கிறது என்று சொல்வது, தண்ணீர் ஈரமாக இருக்கிறது என்று சொல்வது போல. தப்பில்லை, ஆனால் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

எட் கீன்ஹோல்ஸ் 1965இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஒரு மதுக்கடையை, உள்ளே நடந்து போகிற மாதிரி படைப்பாகவே கட்டினார். பெயர் 'தி பீனரி'. உள்ளே உட்கார்ந்திருக்கும் உருவங்களுக்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில் கடிகாரம். எல்லாக் கடிகாரத்திலும் மணி 10:10. கடைக்காரருக்கு மட்டும் மனித முகம். இங்கே கடிகாரம் வெறும் 'காலம்' அல்ல. காலத்தைத் தள்ளுவதற்கென்றே வந்து உட்கார்ந்தவர்கள் முகத்தை இழந்துவிட்டார்கள், அவர்கள் காலமும் நகரவில்லை. கடைக்காரருக்கு அது வேலை நேரம், அதனால் முகம் தப்பித்தது என்று நான் படிக்கிறேன். அதே கடிகாரத்தின் பாகம் ஹவுஸ்மானின் மரத் தலையில் வேறு ஒன்றைச் சொன்னது. பொருளுக்குச் சம்பளம் மாறவில்லை, வேலை மாறிவிட்டது.

பொருள் முக்கியமா, அது எதனால் ஆனது என்பது முக்கியமா?

இரண்டும் தனித்தனியாக வேலை செய்யும். சில நேரம் ஒன்றை ஒன்று எதிர்க்கும். மெரெட் ஓப்பன்ஹைம் 1936இல் கடையில் வாங்கிய ஒரு கப், சாசர், ஸ்பூன் மூன்றையும் விலங்கின் ரோமத்தால் மூடினார். உருவம் 'என்னிடம் குடி' என்கிறது. ரோமமோ 'என்னைத் தடவு' என்கிறது. இரண்டையும் சேர்த்து நினைத்ததும் நாக்கு உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த ஒரு கணம்தான் படைப்பு. அதற்கு மேல் நூறு பக்கம் எழுதியிருக்கிறார்கள். நாக்கு உள்ளே போனவருக்கு அது விளங்கும், போகாதவருக்குச் சிரமம்.

ஆகவே பொருளின் குணத்தைக் கேளுங்கள். உருகுமா, மட்குமா, துருப்பிடிக்குமா, வெப்பத்தைப் பிடித்து வைக்குமா, வாசனை உண்டா? ஜோசப் பாய்ஸ் ஃபெல்ட்டையும் (கம்பளி இழைகளை அழுத்திச் செய்யும் தடித்த துணி) கொழுப்பையும் திரும்பத் திரும்ப எடுத்தார். 1969இல் அவர் செய்த 'கூட்டம்' என்ற படைப்பில் ஒரு பழைய வோக்ஸ்வேகன் வண்டியின் பின்புறத்திலிருந்து 24 பனிச்சறுக்கு வண்டிகள் வரிசையாக வெளியே வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஃபெல்ட் சுருள், கொஞ்சம் கொழுப்பு, ஒரு டார்ச். வெப்பம், உணவு, வெளிச்சம். பெரிய வண்டி நின்றுபோனால் ஆள் பிழைப்பதற்கு வேண்டிய மூன்று. இதற்கு அகராதியே தேவையில்லை, ஃபெல்ட் என்ன செய்யும் என்று தெரிந்தால் போதும்.

துருவும் விரிசலும் இருந்தாலே ஆழமான கலைன்னு சொல்றாங்களே?

சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. துரு அழகான வண்ணம். அதனால்தான் அது ஆபத்து. எதன் மேல் தடவினாலும் 'ஏதோ சோகம், ஏதோ பழமை' என்ற ஒரு பொய்யான கனம் வந்துவிடும். பழைய சாவிக்கொத்து, உடைந்த பொம்மை, கருகிய கடிதம், பறவை இறகு நான்கையும் ஒரு பெட்டிக்குள் போட்டால் யாருக்கும் கண் கலங்கும். அது கண்ணீருக்கான தயார் மாவு.

நான் வைத்திருக்கும் சோதனை இது: இந்தச் சாவியை எடுத்துவிட்டு வேறொரு பழைய சாமானை வைத்தால் படைப்பு மாறுமா? மாறாது என்றால் சாவி அங்கே வேலை செய்யவில்லை, வேஷம் போட்டிருக்கிறது. ஓப்பன்ஹைமின் ரோமத்தை எடுத்துவிட்டுப் பட்டுத்துணியை வைத்துப் பாருங்கள். எல்லாம் போயிற்று.

சிலர் எல்லாத்துக்கும் ஒரே வண்ணம் அடிச்சிடறாங்க. அப்போ பொருளோட பழைய கதை அழிஞ்சு போகாதா?

அழியும், பாதி. அதுதான் நோக்கமாகவும் இருக்கலாம். லூயிஸ் நெவெல்சன் தூக்கி எறியப்பட்ட மரத்துண்டுகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கி, சுவர் அளவுக்கு எழுப்பி, முழுவதையும் கறுப்பாக்கினார். 1958இன் 'வானப் பேராலயம்' அப்படிப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நிழல். கிட்டப் போனால் நாற்காலிக் கால், கைப்பிடிக் கடைசல், தூண் அலங்காரம் என்று ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லும். தனித்தனிக் கதைகளை அடக்கி ஒரே குரலில் பாட வைத்திருக்கிறார். அடுத்த வருடமே முழு வெள்ளையில் ஒன்று செய்தார். அதற்குத் திருமண விருந்து என்று பெயர் வைத்தார். கறுப்பில் கோயில், வெள்ளையில் கல்யாணம். எல்லாம் அதே மாதிரி மரத்துண்டுகள்தான்.

ஒரே சாமானை நூற்றுக்கணக்குல அடுக்கறது ஏன்? ஒண்ணு போதாதா?

ஒன்று இருந்தால் அது பொருள். நூறு இருந்தால் அது கூட்டம். கூட்டத்துக்கு வேறு குணம். ஆர்மான் 1960இல் ஒரு பெட்டிக்குள் வாயு முகமூடிகளைத் திணித்து வைத்தார். பெயர் 'இனிய இல்லம்'. ஒரு முகமூடி என்றால் ஒரு சிப்பாயை நினைப்போம். குவியலாகக் கிடக்கும்போது, இதையெல்லாம் போட்டிருந்த முகங்கள் எங்கே என்று மனசு எண்ணத் தொடங்கிவிடும். அந்தப் பெயர் வேறு சேர்ந்து கழுத்தை நெரிக்கும்.

கானாவில் 1944இல் பிறந்து நைஜீரியாவின் நுசுக்காவில் நெடுங்காலம் வாழ்ந்து வேலை செய்த எல் அனட்சுயி எதிர்த்திசையில் போகிறார். மது பாட்டில்களின் அலுமினிய மூடிகளைத் தட்டையாக்கி, மடித்து, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்து, சுவர் முழுக்கத் தொங்கும் விரிப்பாக்குகிறார். தூரத்தில் தங்கச்சரிகைத் துணி. இரண்டடி தள்ளி நின்றால் மூடியில் மதுவின் பெயரே படிக்கக் கிடைக்கும். ஐரோப்பியர் ஆப்பிரிக்காவில் வியாபாரம் செய்ய இறக்கிய சரக்குகளில் மதுவும் ஒன்று, அந்த வியாபாரத்தில் மனிதர்களும் விலைபொருள் என்பது தெரிந்தால் பளபளப்பு வேறு மாதிரி தெரியும். தெரியாவிட்டாலும் அழகு அழகுதான். இன்னொன்று: மடிப்பு எங்கே விழ வேண்டும் என்று அவர் கட்டளை போடுவதில்லை. தொங்கவிடுகிறவர்கள் முடிவு செய்யலாம். போன தடவை பார்த்த வடிவம் இந்தத் தடவை இருக்காது.

எதுக்கு எல்லாத்தையும் பெட்டிக்குள்ள அடைக்கறாங்க?

பெட்டி ஒரு சின்ன மேடை. ஒரு வீடு. ஒரு சவப்பெட்டி. ஒரு கடை ஜன்னல். எது என்று உள்ளே இருப்பதுதான் சொல்லும். ஜோசப் கார்னெல் நியூயார்க்கில் அம்மாவோடும் தம்பியோடும் வாழ்ந்தவர். ஐரோப்பாவுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. அவருடைய பெட்டிகளில் ஐரோப்பிய ஹோட்டல்களின் விளம்பரத் துண்டுகள், வரைபடங்கள், நட்சத்திர அட்டவணைகள். அங்கே பெட்டி ஒரு பயணப்பெட்டியாகவே ஆகிவிடுகிறது, புறப்படாத பயணத்துக்கு.

கொலம்பியாவின் டோரிஸ் சால்செடோவிடம் அதே அமைப்பு மூச்சை அடைக்கும். அந்த நாட்டு வன்முறையில் காணாமல் போனவர்கள் போட்டுத் தேய்ந்த காலணிகளைச் சுவரில் வெட்டிய மாடங்களுக்குள் வைத்து, விலங்கின் சவ்வை முன்னால் இழுத்து மூடி, அறுவைச்சிகிச்சை நூலால் சுவரோடு தைத்துவிட்டார். கண்ணாடி போட்டிருந்தால் அது காட்சிப்பெட்டி. சவ்வும் தையலும் போட்டதால் அது ஆறாத காயம். காலணி மங்கலாகத் தெரியும், தெளிவாகப் பார்க்கவே முடியாது. மேலே சொன்ன மாற்றிப் பார்க்கும் சோதனையை இங்கேயும் போட்டுப் பாருங்கள்.

இழிவுபடுத்தற பொம்மையை எடுத்து வச்சா அந்த இழிவைத் திரும்பப் பரப்பற மாதிரி ஆகாதா?

நியாயமான பயம். பெட்டி சார் (Betye Saar) என்ற அமெரிக்கக் கலைஞர் 1972இல் செய்த 'ஆன்ட் ஜெமைமாவின் விடுதலை' இதற்கு நேர் பதில். அமெரிக்காவில் கறுப்பினப் பணிப்பெண்ணைக் கேலிச்சித்திரமாக்கி விற்ற உருவம் அது. உணவுப் பொட்டலத்திலும் சமையலறைச் சாமானிலும் ஊரெங்கும் சிரித்துக்கொண்டிருந்தது. சார் எடுத்தது குறிப்புத்தாள் செருகி வைக்கும் ஒரு பொம்மையை. அதன் ஒரு கையில் துடைப்பம். மறு கையில் துப்பாக்கியைக் கொடுத்தார். குறிப்புத்தாள் இருந்த இடத்தில், அழும் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் இன்னொரு பணிப்பெண்ணின் படம். அதன் முன்னால் உயர்த்திய கறுப்பு முஷ்டி. பின்னால் அதே பொட்டலத்தின் முகம் சுவர்க்காகிதம் போல வரிசை வரிசையாக. காலடியில் பஞ்சு. மொத்த உயரம் சுமார் 30 சென்டிமீட்டர்தான்.

கவனியுங்கள், பொம்மையின் சிரிப்பை அவர் மாற்றவில்லை. துடைப்பத்தையும் பிடுங்கவில்லை. துப்பாக்கி வந்து சேர்ந்ததும் அந்தச் சிரிப்பின் அர்த்தம் தானாக மாறுகிறது. சுற்றியிருப்பது மாறாமல் பொம்மையை மட்டும் எடுத்து வைத்திருந்தால் உங்கள் பயம் சரிதான்.

பொருள் எங்கிருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியலன்னா படைப்பே புரியாதா?

ஒரு பகுதி புரியும், ஒரு பகுதி நழுவும். சில படைப்புகளில் நழுவும் பகுதிதான் பெரிது. லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் 1965இல் கலவரம் நடந்தபோது நோவா பியூரிஃபாய் அங்கே ஒரு கலை மையத்தை நடத்திக்கொண்டிருந்தார். எரிந்துபோன கடைகளின் இடிபாடுகளில் 3 டன் அளவுக்கு அவரும் நண்பர்களும் பொறுக்கினார்கள். அதில் உருகிச் சொட்டி இறுகிய நியான் விளக்குப் பலகைகளும் உண்டு. அவற்றிலிருந்து பிறந்ததுதான் 1966இன் '66 நியான் குறிகள்' கண்காட்சி. அந்தக் கருகிய கட்டையை யாராவது அடுப்பில் எரித்துச் செய்திருந்தால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாமல் போகலாம். ஆனால் அதே படைப்பாக இருக்காது.

நைஜீரியாவுக்குப் பக்கத்து நாடான பெனினின் ரொமுவால்ட் ஹாஸூமே பிளாஸ்டிக் பெட்ரோல் கேன்களை முகமூடியாக்குகிறார். கைப்பிடி மூக்கு, ஊற்றும் துளை வாய். முதலில் சிரிப்புதான் வரும். நைஜீரியாவிலிருந்து பெட்ரோல் கடத்துகிறவர்கள் இன்னும் அதிகம் கொள்ளட்டும் என்று இந்தக் கேன்களைச் சூடாக்கி ஊதிப் பெரிதாக்குவார்கள், சில வெடித்துவிடும் என்று தெரிந்த பிறகு, கேன் ஒரு மனிதனைப் போலத் தெரிய ஆரம்பிக்கும். தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றப்பட்டவன். அப்புறம் அவர் 304 கேன் முகங்களை அடிமைக் கப்பலின் வரைபட வடிவத்தில் தரையில் படுக்க வைத்தார். அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கலைஞர் சொல்றதுதானே கடைசி வார்த்தை?

கலைஞரின் பேச்சு ஒரு சாட்சி. முக்கியமான சாட்சி, ஆனால் நீதிபதி அல்ல. மேலே சொன்ன பாய்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1944இல் கிரிமியாவில் அவர் இருந்த போர் விமானம் விழுந்தது. டாட்டார் நாடோடிகள் தன்னைக் கண்டெடுத்து, உடம்பில் கொழுப்பைத் தடவி, ஃபெல்ட்டில் சுற்றிக் காப்பாற்றியதாக அவர் சொல்லிவந்தார். விமானம் விழுந்தது உண்மை. மீதிக் கதை ராணுவ ஆவணங்களோடு பொருந்தவில்லை. அதனால் ஃபெல்ட்டின் வெப்பம் போய்விட்டதா? போகவில்லை. கதையை நம்பிப் பார்த்தவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் ஃபெல்ட் ஃபெல்ட்டாகத்தான் இருக்கிறது.

ராபர்ட் ரவுஷன்பர்க் வேறு ரகம். அவருடைய 'மோனோகிராம்' 1955இல் தொடங்கி 1959இல் முடிந்தது. பாடம் செய்யப்பட்ட ஒரு அங்கோரா ஆடு, அதன் இடுப்பில் ஒரு டயர். பாலியல், பலியாடு, சுயசரிதை என்று எத்தனையோ விளக்கங்கள் வந்தன. ஆடும் டயரும் பின்னிக்கொண்டிருப்பது பெயரின் முதலெழுத்துகள் பின்னிக்கொள்வது போலிருக்கிறது, அதனால் இந்தப் பெயர் என்பதோடு அவர் முடித்துக்கொண்டார்.

வேணும்னே செஞ்சாரா, தானா அமைஞ்சதா? எப்படிக் கண்டுபிடிக்கறது?

'தானாக அமைந்ததை விட்டுவைத்தார்' என்று ஒரு மூன்றாவது வழி இருக்கிறது. மொசாம்பிக்கின் உள்நாட்டுப் போர் 1992இல் முடிந்தது. துப்பாக்கியை ஒப்படைத்தால் தையல் இயந்திரமோ சைக்கிளோ மண்வெட்டியோ கொடுக்கும் திட்டம் ஒன்று 1995இல் அங்கே தொடங்கியது. வந்து சேர்ந்த ஆயுதங்களை வெட்டிச் செயலற்றதாக்கிக் கலைஞர்களிடம் கொடுத்தார்கள். கெஸ்டர் என்ற கலைஞர் 2001இல் அவற்றைக் கொண்டு ஒரு நாற்காலி செய்தார். 'ஆயுத அரியணை' இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாற்காலியின் சாய்மானத்து உச்சியில் இரண்டு துப்பாக்கிக் கட்டைகள். இரண்டிலும் சிரிக்கும் முகம் தெரியும். திருகாணித் துளைகள் கண்கள், வார் மாட்டிய தடம் வாய். அந்தச் சிரிப்பை அவர் செதுக்கவில்லை. துப்பாக்கியிலேயே இருந்தது. முகபாவம் அதிகமாக உள்ள கட்டைகளாகப் பார்த்து எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். தற்செயல் துப்பாக்கித் தொழிற்சாலையில் நடந்தது. தேர்வு கெஸ்டருடையது.

அப்போ எனக்குத் தோணற எதை வேணா சொல்லலாமா?

சொல்லலாம், படைப்புக்குள் கைகாட்ட முடிந்தால். 'இது தனிமையைச் சொல்கிறது' என்றால் எங்கே என்று கேட்பேன். 'எல்லாக் கப்புக்கும் சாசர் இருக்கிறது, இந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை' என்று காட்டினால் சரி, பேச்சு தொடங்கிவிட்டது. உங்கள் தாத்தாவின் கடிகாரம் ஞாபகம் வந்தது என்பதும் நல்ல அனுபவம்தான். அது உங்களைப் பற்றிய செய்தி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

'பெயரிடப்படாதது'ன்னு தலைப்பு வச்சா என்ன அர்த்தம்?

கதவைத் திறந்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். சில சமயம் பெயர் தோன்றவில்லை என்றும் அர்த்தம். தலைப்பு இருந்தால் கடைசியில் படியுங்கள் என்பது என் வழக்கம். ஆர்மானின் 'இனிய இல்லம்' போன்ற தலைப்புகள் படைப்பின் ஒரு பாகமே. அவற்றை விட்டுவிடக்கூடாது.

கெட்டுப்போன பாகத்தை மாத்தினா அது அதே படைப்புதானா?

படைப்பைப் பொறுத்தது. மேன் ரே 1923இல் ஒரு மெட்ரோனோமின் (இசை பயில்கிறவர்களுக்குத் தாளம் தட்டும் கருவி) ஊசலில் கண்ணின் புகைப்படத்தை மாட்டி, 'அழிக்கப்பட வேண்டிய பொருள்' என்று பெயர் வைத்தார். 1957இல் பாரிஸில் கண்காட்சியில் இருந்தபோது மாணவர்கள் சிலர் பெயரை உத்தரவாக எடுத்துக்கொண்டு அதை அழித்தேவிட்டார்கள். பிறகு அவர் மறுபடி செய்தார், இந்தத் தடவை 'அழிக்க முடியாத பொருள்' என்ற பெயரில். அங்கே எண்ணம்தான் படைப்பு, மெட்ரோனோமைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். சால்செடோவின் காலணிக்கு அந்த நியாயம் செல்லாது. ஒருவர் போட்டு நடந்த காலணிக்கு மாற்று எங்கே கிடைக்கும்?

அழுக்கும் இதே கேள்விதான். 2011இல் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகர அருங்காட்சியகத்தில் மார்ட்டின் கிப்பன்பெர்கரின் படைப்பு ஒன்று இருந்தது. மரச்சட்டங்கள் கோபுரமாக நிற்கும், அடியில் ஒரு ரப்பர் தொட்டி, அதில் தண்ணீர் காய்ந்த கறை போல வண்ணம் பூசியிருக்கும். துப்புரவுப் பணியாளர் அந்தக் கறையைத் தேய்த்துச் சுத்தமாக்கிவிட்டார். எல்லாரும் சிரித்த செய்தி அது. எனக்கு அவர் மேல் குறை சொல்லத் தோன்றவில்லை. பொருளைப் பொருளாகப் பார்த்த ஒரே ஆள்.

பாடம் பண்ணின பறவை, எலும்பு இதெல்லாம் வைக்கறது சரியா? சட்டம் விடுமா?

சரியா என்பதில் ஆளுக்கு ஒரு நிலை. படைப்புக்காகவே கொன்றது என்றால் என்னால் ஏற்க முடியாது. சட்டத்துக்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. ரவுஷன்பர்க்கின் 'கேன்யன்' 1959இல் செய்தது. கேன்வாஸிலிருந்து ஒரு நிஜ வெண்தலைக் கழுகு, பாடம் செய்யப்பட்டது, வெளியே பாய்கிறது. அமெரிக்கச் சட்டப்படி அந்தக் கழுகை விற்கவே கூடாது. உரிமையாளரான இலியானா சோனபெண்ட் 2007இல் இறந்தபோது வாரிசுகளின் மதிப்பீட்டாளர்கள், விற்க முடியாத பொருளின் மதிப்பு பூஜ்யம் என்றார்கள். வருமான வரித்துறை 6.5 கோடி டாலர் என்றது. 2012இல் படைப்பை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்து வழக்கை முடித்தார்கள். வெறும் வண்ணத்தில் வரைந்த கழுகுக்கு இந்தச் சிக்கல் வந்திருக்குமா?

தொட்டுப் பார்க்கலாமா?

கூடாது. எனக்கும் கை அரிக்கும். கார்னெலின் சில பெட்டிகளில் உருளும் பந்தும் இழுக்கும் அறையும் உண்டு, கையில் எடுத்து ஆட்டிப் பார்க்கவே செய்தவை. இப்போது அவையும் கண்ணாடிக்குப் பின்னால். குனிந்து பார்க்கலாம், அதற்குத் தடையில்லை. 1972இல் அவர் குழந்தைகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தபோது பெட்டிகளைக் குழந்தைகளின் உயரத்துக்குத் தாழ்த்தித் தொங்கவிட்டார்கள். பெரியவர்கள் குனிந்துகொள்ள வேண்டியதுதான்.

கலை படிக்காத எனக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்?

ஒருமுறை ஒரு சிறிய படைப்பின் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தேன். மரப்பெட்டிக்குள் ஒரு பழைய மூக்குக்கண்ணாடி, ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி இருந்தது. 'பாதிப் பார்வை, முழுமையற்ற உண்மை' என்று நான் பாட்டுக்கு அளந்துகொண்டிருந்தேன். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "கீல்ல நூல் சுத்தியிருக்கே, பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. அவர் கண்ணாடி பழுது பார்க்கிறவராக இருந்தவராம். கிட்டே வந்து காட்டினார். திருகாணி விழுந்துபோன இடத்தில் கறுப்பு நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. நூலின் மேல் பகுதி எண்ணெய்ப் பிசுக்கில் மின்னியது. "இப்படிக் கட்டி ரொம்ப நாள் போட்டிருக்காங்க. இது கிட்டப்பார்வைக்கு இல்ல, படிக்கிற கண்ணாடி. ஒரு பக்கம் போன அப்புறமும் படிச்சிருக்காங்க, பாருங்க, மிச்சம் இருக்கிற பக்கத்துல எவ்வளவு கீறல்." சுற்றியிருந்த அத்தனை பேரும் குனிந்து அந்த நூலைப் பார்த்தார்கள். நானும்தான்.